மூன்றில் ஒரு பங்கு

பெலெக் ஸ்னோவின் கப்பலில் வந்த நாற்பது பீப்பாய்ச் சர்க்கரையையும் திங்கட்கிழமை காலையில் ராஜாவின் சுங்கக்காரர்கள் வளைத்துப் பிடித்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் அமெரிக்கக் கரையிலிருந்த எங்கள் ஹாடக் துறை முழுக்க ஒரே கேள்விதான்: காட்டிக்கொடுத்தது எவன்? புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் அந்தக் கேள்வி தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, ஜெருஷாவின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அது ஜமைக்காச் சர்க்கரை என்று கப்பல் காகிதம் சொன்னது. உண்மையில் பிரெஞ்சுக்காரன் தீவுச் சரக்கு. பிரெஞ்சுச் சரக்கு என்றால் லண்டன் பாராளுமன்றம் போட்ட வரியைக் கட்ட வேண்டும். கண்ணாடிக்கு வரி, காகிதத்துக்கு வரி, சுவருக்கு அடிக்கிற வர்ணத்துக்கு வரி, குடிக்கிற தேயிலைக்கு வரி. இதில் எதற்காவது எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. அதனால் வரி ஏய்ப்பதை எங்கள் ஊரில் யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. பெலெக் ஸ்னோ தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்காருகிறவர், ஊர்க் கமிட்டிக்குத் தலைவர்.

பிரெஞ்சுக்காரன் பீப்பாய்க்கு மர வளையம் போடும் விதம் வேறு, ஆங்கிலேயத் தீவுகளில் போடும் விதம் வேறு. துறைமுகத்தில் திரிகிற எவனுக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஆகவே கப்பலைத் துறைக்குக் கொண்டுவராமல் வடக்கே ஒரு கழிமுகத்தில் இரண்டு நாள் ஒளித்து நிறுத்தி, நாற்பது பீப்பாய்க்கும் பழைய வளையத்தைக் கழற்றி ஆங்கிலேயர் முறையில் புது வளையம் போட்டார்கள். போட்டது பீப்பாய்த் தச்சன் ஜாபேஸ், ஜெருஷாவின் புருஷன். அவனையும் அவன் சாமான்களையும் படகில் கொண்டுபோய் விட்டது லெமுவேல், ஜெருஷாவின் தம்பி. கப்பலில் இருந்த மாலுமிகள் அத்தனை பேருக்கும் அந்தச் சரக்கிலேயே பங்கு உண்டு. தன் வாயில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள அவர்களுக்கு என்ன பைத்தியமா? விஷயம் தெரிந்த வெளியாட்கள் இரண்டே பேர். காட்டிக்கொடுத்தவனுக்குப் பிடிபட்ட சரக்கில் மூன்றில் ஒரு பங்கு என்று சட்டமே இருக்கிறது. அந்தப் பங்கு யார் பைக்குள் போகிறது என்பதுதான் பேச்சு. ஊர் லெமுவேலைப் பார்த்தது.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாததுமாக லெமுவேல் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தான். ஜெருஷா சோளக்களி கிளறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தார் காய்ச்சுறாங்க."

"கப்பல் பட்டறையில தார் காய்ச்சாம வேற என்ன காய்ச்சுவாங்க?"

"வெளையாடாத. பட்டறையில இப்ப கப்பலே இல்ல. நேத்து துறையில ஒருத்தன் என் தோள்ல கையப் போட்டு, 'உங்க வீட்ல எறகுத் தலையணை இருக்கா, இல்ல நாங்களே கொண்டு வரணுமா?'ன்னு கேக்குறான். சுத்தி நின்னவன்லாம் சிரிக்கிறான்."

ஜெருஷா கிளறுவதை நிறுத்தினாள். போன வருஷம் பக்கத்து ஊரில் ஒருவனுக்குத் தார் பூசி இறகு ஒட்டி வண்டியில் ஊர்வலம் விட்டார்கள். தாரைச் சுரண்டி எடுத்தபோது தோலும் கூடவே வந்தது. அவன் இப்போது உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான். லெமுவேல் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயது.

"சனிக்கிழமை சாராயக்கடையில அந்தச் சுங்கக்காரப் பயலோட உக்காந்து குடிச்சியா இல்லையா?"

"குடிச்சேன். அவன் வாங்கிக் குடுத்தான். ஓசியில வர்றத வேண்டாங்கறதுக்கு நான் என்ன போதகரா?"

"என்ன பேசினீங்க?"

"மீன் வெல. அவன் பொண்டாட்டி அடிக்கிற அடி. வேற ஒண்ணுமில்ல. நம்ம அம்மா மேல சத்தியம் அக்கா." அவன் கிட்டே வந்தான். "தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நான் இல்லன்னா..."

"இல்லன்னா? சொல்ல வந்தத முழுசா சொல்லு."

லெமுவேல் களிச் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அத்தான் ஒழுங்கா சாப்பிடுறாரா?"

ஜெருஷா அகப்பையைச் சட்டி விளிம்பில் ஓங்கித் தட்டினாள். "வீட்டுக்கு வந்து என் புருஷன் மேலயே கைய நீட்டுறியா? போடா!" என்று கத்தினாள். கத்தினாளே தவிர, கேள்வி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஜாபேஸ் மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜாபேஸே பட்டறைப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். பெரிய ஆகிருதி, கொஞ்சமான பேச்சு. மைத்துனனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"அத்தான்," என்றான் லெமுவேல், கிட்டத்தட்ட அழுகிற குரலில். "பெலெக் ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. நான் இல்லன்னு சொல்லுங்களேன்."

ஜாபேஸ் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான். குடித்து முடித்து வாயைத் துடைத்தான். கடைசியில், "பாப்போம்," என்றான். "இன்னிக்கிப் பாப்போம்." சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் காது மடல் இரண்டும் சிவந்திருந்ததை ஜெருஷா பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தச் சிவப்பு எப்போது வரும் என்று தெரியும். மனசில் எதையோ பொத்தி வைத்திருந்தால்தான் வரும்.

லெமுவேல் போன பிறகு அவள் அடுப்பைக் கூட அணைக்காமல் அப்படியே நின்றாள். சந்தேகம் என்பது பொல்லாதது, ஒரு தடவை இடம் கொடுத்தால் பழைய சங்கதியையெல்லாம் கிளறி எடுத்து வரிசையாக முன்னால் வைக்கும். செவ்வாய்க்கிழமை சுங்க அதிகாரி பட்டறைக்கு வந்ததை அவள் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். வந்தவன் ஜாபேஸிடம் எதையோ காட்டி வயிறு குலுங்கச் சிரித்தான். போகும்போது தொப்பியைக் கழற்றி, குனிந்து, கனவானுக்குச் செய்வதுபோல ஜாபேஸுக்கு வணக்கம் வைத்தான். ராஜாவின் அதிகாரி ஒரு பீப்பாய்த் தச்சனுக்குத் தொப்பியைக் கழற்றுவானா? எதற்கு? அன்றைக்கே அவள் கேட்டாள். "வழி கேக்க வந்தான்," என்றான் ஜாபேஸ். பத்து வருஷமாக இதே ஊரில் குப்பை கொட்டுகிற அதிகாரிக்கு வழி தெரியாதாம்!

மறுநாள் அதைவிட மோசம். மே மாத வெயிலில் பட்டறை அடுப்பு எரிந்தது. எட்டிப் பார்த்தால், ஜாபேஸ் ஒரு கட்டு வளையத்தை உடைத்து உடைத்து நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தான். ஒடிந்த வளையத்தைக் கூடத் தூக்கிப் போட மனசு வராத மனிதன் அவன். புகை கண்ணைக் கரித்தது. "இனிமே இது எதுக்கு?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. இனிமேல் வேலையே வேண்டாம் என்கிற அளவுக்கு எங்கிருந்தோ வரவு வருகிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? அவளுக்கு அப்படித்தான் பட்டது.

அந்த வியாழக்கிழமை போதகர் வீட்டில் நூற்பு. இங்கிலாந்துத் துணியைத் தொடமாட்டோம் என்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாரம் ஒரு நாள் அவரவர் ராட்டையைத் தூக்கிக்கொண்டு போதகர் வீட்டுக் கூடத்தில் கூடி நூற்பார்கள். நடுவில் ராஸ்பெரி இலையைக் காய்ச்சி, அதற்குத் தேநீர் என்று பெயர் வைத்துக் குடிப்பார்கள். கழுநீர் மாதிரி இருக்கும். ஆனால் குடிக்கும்போது முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால், வீட்டில் நிஜத் தேயிலை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பேச்சு கிளம்பிவிடும்.

ஜெருஷா போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்களே என்று போனாள். அவள் ராட்டையை வைத்ததும் இரண்டு பக்கத்துப் பெண்களும் தங்கள் முக்காலியை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார்கள். ராட்டைச் சத்தம் மட்டும் ஓடியது.

"தொப்பியில ரிப்பன் புதுசா இருக்கே ஜெருஷா," என்றாள் எதிரில் இருந்தவள், கண்ணை நூலிலிருந்து எடுக்காமலே.

"பழசுதான். வெங்காயத் தோல்ல சாயம் போட்டேன்."

"அப்படியா! நான் கூட, பங்கு வந்துடுச்சோன்னு நெனைச்சேன்."

இரண்டு மூன்று பேர் மூக்கால் சிரித்தார்கள். ஜெருஷாவின் கையில் நூல் அறுந்தது. முடிச்சுப் போட முயன்றாள். அப்போது பெலெக்கின் மனைவி கெசியா ஸ்னோ எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கனத்த உடம்பு, மெல்லிய குரல்.

"உனக்கு நான் சொல்லித்தான் ஆகணும்," என்றாள். "மத்தியானம் மணி அடிச்சதும் ஆம்பளைங்க போறாங்க. உன் தம்பி படகை எடுத்துட்டு ஓடிடாம துடுப்பெல்லாம் எடுத்து வெச்சாச்சு. நீ அந்தப் பக்கம் வராத. பாக்கத் தாங்க மாட்ட."

"அம்மா, அவன் இல்ல. சத்தியமா அவன் இல்ல."

"எல்லா அக்காளும் அப்படித்தான் சொல்லுவா. அவன் இல்லன்னா வேற யாரு? தெரிஞ்சது ரெண்டு பேருக்கு."

கெசியா இதை அதட்டலாகக் கேட்கவில்லை. அனுதாபமாகத்தான் கேட்டாள். கூடத்தில் அத்தனை ராட்டையும் நின்றிருந்தது. ஜெருஷாவுக்குத் தம்பியின் முதுகு கண்ணில் வந்தது, சின்ன வயதில் அவள் தேய்த்துக் குளிப்பாட்டின முதுகு. அதன் மேல் கொதிக்கிற தார். அந்த ஒரு நொடியில் அவள் வாய் அவளைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"சுங்க அதிகாரி செவ்வாய்க்கிழமை எங்க பட்டறைக்கு வந்தான்," என்றாள். "அவருக்குத் தொப்பியக் கழட்டிக் கும்பிடு போட்டுட்டுப் போனான். கேட்டா வழி கேக்க வந்தான்னு பொய் சொல்றாரு. மறுநாள் வளையத்தையெல்லாம் எரிக்கிறாரு. எனக்கு என்ன தெரியும்? நான் பாத்ததச் சொல்றேன். என் தம்பி மேல கைய வெக்காதீங்க."

யாரோ ஒருத்தி 'அடப்பாவி' என்றாள். கெசியா ஜெருஷாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழாத. புருஷன்னு பாக்காம சொன்ன பாரு, நீதான் இந்த ஊர்ப் பொண்ணு," என்று தட்டிக்கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவள் தன் முக்காலியைத் திரும்பக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருத்தி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வெளியே போனாள். அவள் எங்கே போகிறாள் என்று ஜெருஷா கேட்கவே இல்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாக இருந்தது. தம்பி தப்பித்தான். அப்புறம்தான் உறைத்தது. என்ன செய்துவிட்டோம்! ராட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. துரோகியாகவே இருக்கட்டும், காட்டு வழியாக ஓடிப் போகட்டும், தோலாவது மிஞ்சட்டும். அதைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு ஓடினாள்.

ஜாபேஸ் படுக்கையறையில் நின்று ஞாயிற்றுக்கிழமை கோட்டுக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான். அவள் நூற்று, அவள் நெய்து, அவள் தைத்த கோட்டு. வியாழக்கிழமையில் எதற்கு அது?

"ஓடிப்போகத்தான் கெளம்பிட்டீங்களா?" என்றாள் மூச்சு வாங்க.

"ஓடவா? நான் ஏன் ஓடணும்? பெலெக் ஐயா வீட்டுக்குப் போறேன். மூணு நாளா போகணும் போகணும்னு நெனைக்கிறேன். காலு வரமாட்டேங்குது." அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "ஜெரு, யாரும் காட்டிக்குடுக்கல. லெமுவேலும் இல்ல, ஒருத்தனும் இல்ல. நான்தான் கெடுத்தேன்."

"என்ன சொல்றீங்க?"

"குளிர்காலத்துல வெட்டிக் காயப்போட்ட வளையம் அத்தனையும் மீன் பீப்பாய்க்கே போயிடுச்சு. பெலெக் ஐயா ரெண்டே நாள்ல முடின்னு கழுத்துல உக்காந்துட்டாரு. போற வழியில ஓடைக்கரையில எறங்கி, எளங்கொம்பா வெட்டிப் பொளந்து அப்படியே போட்டேன். வசந்தத்துல வெட்டின பச்சை மரம். தெப்பலா சாறு. ஜமைக்காவுக்கும் நம்ம ஊர் மரந்தான் போகுது, அதனால மரத்த வெச்சு ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா பீப்பாய் வாரக்கணக்கா கடல்ல வந்துதுன்னு காகிதம் சொல்லுது, வளையத்துல நகத்த வெச்சா தண்ணி கசியுது. அந்த அதிகாரி நகத்த வெச்சுப் பாத்திருக்கான். செவ்வாய்க்கிழமை ஒரு வளையத்தக் கொண்டாந்து என் மூக்குக்கு நேரா பட்டைய உரிச்சுக் காட்டினான். 'ஆளே வெக்காம எனக்கு வேலைய முடிச்சுக் குடுத்தீரே'ன்னு தொப்பியக் கழட்டிக் கும்பிட்டான், நாய்ப்பய."

ஜெருஷா அவன் எதிரே வந்து நின்றாள்.

"வேலைக்குச் சேந்த முதல் மாசத்துல ஒரு பய செய்யுற தப்பு இது," என்றான் ஜாபேஸ். "இருபது வருஷத் தச்சன் செஞ்சிருக்கேன். வெளிய தெரிஞ்சா எவன் எனக்கு இனிமே ஒரு வாளி செய்யக் குடுப்பான்? அந்த வெக்கத்துல மிச்சமிருந்த பச்சை வளையத்தையும் அவன் போட்டுட்டுப் போனதையும் சேத்து எரிச்சேன். காலையில லெமுவேல் மொகத்தப் பாத்ததும் தாங்க முடியல. அதான் கெளம்பிட்டேன்."

அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வந்தது. "மூணு நாள்! என் தம்பிக்குத் தார் காய்ச்சுறாங்க, நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்களா? என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? வாய்க்கா பூட்டு போட்டிருந்தீங்க?"

"தப்புதான். இப்ப போய்ச் சொல்லிட்டா அவன் தப்பிச்சுடுவான். பெலெக் ஐயா நாலு ஏசு ஏசுவாரு, அவ்வளவுதான்."

இப்போது அவள் சொல்லியிருக்க வேண்டும். காலையில் போதகர் வீட்டில் என்ன பேசினேன் என்று அந்த இடத்திலேயே போட்டு உடைத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். அவன் நிம்மதியாகக் கடைசிப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த கையைப் பார்த்ததும் பேச்சை மாற்றினாள். "பின்பக்கமா போயிடுங்க," என்று மட்டும் சொன்னாள். "அத்தை வீட்டுல ரெண்டு நாள் இருங்க. நான் போய்ப் பேசிக்கிறேன்."

"பொம்பளை போய்ப் பேசுறதா? நல்லா இருக்கு நியாயம்," என்று அவன் எழுந்தபோது தேவாலய மணி அடித்தது.

வேலிக்கு வெளியே முப்பது நாற்பது பேர் நின்றார்கள். எல்லாரும் தெரிந்த முகம். வலைக்காரர்கள், பாய் தைக்கிறவன், ரொட்டி சுடுகிறவன், ஜாபேஸ் செய்து கொடுத்த தொட்டியில் மீன் உப்புப் போடுகிறவர்கள். மீன் வண்டியில் தார்ச் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு தலையணை. முன்னால் நின்று வண்டி ஏர்க்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது லெமுவேல்.

பெலெக் ஸ்னோ கூச்சல் போடுகிறவர் அல்ல. "ஜாபேஸ், வெளிய வா. பேசி முடிச்சுடலாம்," என்றார்.

ஜாபேஸ் படியிறங்கிப் போய், பச்சை மரக் கதையை முதலிலிருந்து சொன்னான். பேசிப் பழக்கமில்லாதவன். திக்கித் திக்கி, நடுவில் மறந்துபோய், திரும்ப ஆரம்பித்துச் சொன்னான். உண்மை அவன் வாயில் அசல் புளுகாகவே ஒலித்தது.

"சரி. அந்த வளையத்தக் காட்டு," என்றார் பெலெக்.

"எரிச்சுட்டேன் ஐயா."

கூட்டம் சிரித்தது. பெலெக் சிரிக்கவில்லை. "எரிச்சது எங்களுக்கும் தெரியும். அதிகாரி வந்து தொப்பியக் கழட்டினதும் தெரியும். நீ பொய் சொன்னதும் தெரியும். எல்லாத்தையும் உன் பொண்டாட்டிதான் காலையில சொல்லி அழுதா."

ஜாபேஸ் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஜெருஷா தாங்கியிருப்பாள். அவன் அவளை அளந்து பார்த்தான், யாரோ ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல.

"நான் சொன்னது தப்பு!" ஜெருஷா வேலிக்கு ஓடி வந்தாள். "எனக்கு அப்ப தெரியாது. இப்பத்தான் எங்கிட்டயே சொன்னாரு. அவரு சொல்றது நெஜம் ஐயா. காலையில என் பேச்ச நம்பினீங்கல்ல? இப்பவும் நம்புங்க!"

"காலையில நீ ஊர்க்காரியா பேசின, ஜெருஷா. இப்ப பொண்டாட்டியா பேசுற," என்றார் பெலெக்.

அவள் வண்டிப் பக்கம் திரும்பி லெமுவேலின் கையைப் பற்றினாள். "லெமு, நீ சொல்லுடா. நீதான படகு போட்ட? ஓடைக்கரையில எறக்கி விட்டது நீதான? பச்சைக் கொம்ப வெட்டிப் படகுல போட்டாரா இல்லையா?"

லெமுவேல் முகம் வெளுத்துப் போயிருந்தது. பெலெக்கைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். ஜாபேஸ் இல்லை என்றால் அடுத்த ஆள் யார் என்று அவனுக்குத் தெரியாதா?

"நான் துடுப்பு போட்டுக்கிட்டிருந்தேன்," என்றான் தரையைப் பார்த்து. "அவருக்கு முதுகு காட்டிட்டு இருந்தேன். எதையும் பாக்கல."

நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் படகிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்குத்தான் முதுகைக் காட்டுவான். பின்னால் உட்கார்ந்து வருகிறவன் அவனுக்கு நேர் எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க, வழி முழுக்க உட்கார்ந்திருப்பான்.

"துடுப்பு போடுறவன் எதிர்ல இருக்கறவனத்தானய்யா பாப்பான்!" ஜெருஷா அலறினாள். "உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்க சொல்லுங்க! யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்!"

வலைக்காரர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். பாய் தைக்கிறவன் இருமினான். ரொட்டிக்காரன் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்தது அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"தார் ஆறுது," என்றார் பெலெக்.

இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். ஜாபேஸ் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினான். கோட்டின் பித்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினான். "இது வேண்டாம். தார் பட்டா போகாது," என்றான்.

ஜெருஷா வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். ஜாபேஸ் அந்தக் கைகளைப் பார்த்தான். பிறகு கோட்டை நாலாக மடித்து, அவளுக்கு இரண்டடி தள்ளி வேலிக்கம்பின் மேல் வைத்துவிட்டு, தானாகவே வண்டியில் ஏறிக்கொண்டான்.